வன்னியில் வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் ரெலிபோன், நெட் வயரிங்: புதிதாகத் தொடங்குவோருக்கு

ரோட்டுக் கம்பத்திலிருந்து உங்கள் சுவர்வரை லைன் இழுப்பது கம்பனியின் வேலை. சுவரில் பூட்டிய பெட்டியிலிருந்து பிள்ளையின் படிப்பு மேசைக்கும், கடையின் பில் மெசினுக்கும், பின்வளவுக் கமராவுக்கும் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு. "நெட் வருது அண்ணை, ஆனா பின்னறைக்குள்ள நிக்குதில்லை" என்று கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், கம்பனி லைன் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரவுட்டர், கதவு இடுக்கில் நசிந்த வயர், மழையில் நனைந்த மூட்டு, இப்படி ஏதாவது ஒன்று வேலையைக் கெடுத்திருக்கும். மாதாமாதம் காசு கட்டுகிற வேகத்தில் பாதி வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்களும் கடை போடுகிறவர்களும் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த லைன் எடுப்பது?

ஃபைபர், அதாவது கண்ணாடி இழையில் ஒளியாக வருகிற லைன், கிடைக்கிற இடம் என்றால் அதையே எடுங்கள். ஒரே ஊரில் ஒரு ஒழுங்கைக்கு ஃபைபர் இருக்கும், அடுத்த ஒழுங்கைக்கு இருக்காது. ஆகவே ஊரை வைத்து முடிவெடுக்காமல் வீட்டு இலக்கத்தையும், அயலில் ஏற்கெனவே லைன் உள்ள ஒருவரின் எண்ணையும் கொடுத்து விசாரியுங்கள். ஸ்ரீலங்கா ரெலிக்கொம் என்றால் 1212க்கு எடுத்துக் கேட்கலாம்.

பழைய செம்புக் கம்பி லைன் மட்டும்தான் உண்டு என்றால், எக்சேஞ்சிலிருந்து (ரெலிபோன் நிலையத்திலிருந்து) உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். செம்பில் வரும் இன்டர்நெற் தூரம் கூடக் கூட மெலியும். நாலைந்து கிலோமீற்றருக்கு அப்பால் பேச மட்டும் உதவும், வீடியோ கோலுக்கு உதவாது.

ஏ9 வீதியை விட்டு உள்ளே போகப் போக, பல இடங்களில் 4ஜி ரவுட்டர்தான் வழி. அதற்கு முன்பணம் கட்ட முதல் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கம்பனி சிம்மையும் போனில் போட்டு, இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வீட்டில் வைத்து வேகத்தைப் பாருங்கள். பகலில் பறக்கிற சிக்னல், ஊரே வெளிநாட்டுச் சொந்தங்களோடு பேசத் தொடங்குகிற அந்த நேரத்தில் தவழும். ரவுட்டரின் செற்றிங் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும். அது மறை எண்ணாக வரும். −80, −90 என்றால் நல்லது. −110ஐத் தாண்டினால் கஷ்டம். தகரக் கூரை, கொங்கிறீட் பிளேட் இரண்டும் சிக்னலை நன்றாகத் தடுக்கும். அப்படியான வீட்டில் ரவுட்டரை ரவர் இருக்கும் பக்க யன்னலோரம் வைத்துப் பாருங்கள், அதுவும் போதாவிட்டால் வெளியே பூட்டுகிற யூனிற் எடுங்கள். நீளமான அன்ரனா வயரில் சிக்னல் வழியிலேயே தேய்ந்துவிடும். ரவுட்டரே வெளியே கம்பத்தில் இருந்து, லான் கேபிளில் (கணினிகளை இணைக்கிற நெட் வயரில்) உள்ளே வருகிற வகை அதைவிடத் திறம்.

பைப்பைப் பூச்சுக்கு முதல் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விஷயத்தை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகளில், இந்திய வீட்டுத் திட்ட வீடுகள் உட்பட, மின்சாரத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். ரெலிபோனுக்கும் நெட்டுக்கும் என்று தனி பைப் போட்ட வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பிறகு சுவரை வெட்டி, தூசி குடித்து, பூசி, பெயின்ற் அடிக்கிற செலவில் வீடு முழுவதற்கும் பைப் போட்டிருக்கலாம்.

மேசன் பூச்சுத் தொடங்குவதற்கு முந்தின கிழமை, கையில் சோக்கட்டியோடு வீட்டைச் சுற்றி நடங்கள். ரீவி எங்கே, படிப்பு மேசை எங்கே, கடை என்றால் காசாளர் மேசை எங்கே, கமரா எந்த மூலைகளில் என்று சுவரிலேயே குறியுங்கள். எல்லாப் பைப்பும் ஒரே இடத்தில் வந்து சேரவேண்டும். அந்த இடம் வீட்டின் நடுப்பகுதியாக, ஒரு பிளக் பொயின்ற் பக்கத்தில், மழையும் சமையலறை ஆவியும் படாத சுவராக இருக்கட்டும். 25 மில்லிமீற்றர் பைப் போதும். முழங்கைத் துண்டு போட்டுத் திருப்பாமல் பைப்பையே அகலமாக வளைத்து எடுங்கள், இல்லாவிட்டால் நாளை கேபிள் உள்ளே ஓடாது. ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு நைலோன் நூலை விட்டு இரண்டு முனையிலும் கட்டி வையுங்கள். இன்றைக்குக் கேபிள் வாங்கக் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நூல் இருந்தால் எப்போதும் இழுக்கலாம்.

மின்சார வயரும் லான் கேபிளும் ஒரே பைப்பில் போகவே கூடாது. வயரிங்காரர் "இடம் இருக்குத்தானே, சேர்த்து விடுவம்" என்பார். விடாதீர்கள். 230 வோல்ற் வயரில் தோல் உரிந்தால் அந்தக் கரண்ட் உங்கள் போன் வரைக்கும் வரும். பக்கத்தில் சமாந்தரமாகப் போகவேண்டி வந்தால் ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்கவேண்டும் என்றால் நேர்குறுக்காகக் கடக்க விடுங்கள்.

பூச முதல் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் அளவுநாடாவையும் பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது. ஐந்து வருடம் கழித்துப் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள் கேபிளைக் காப்பாற்றும்.

கம்பனிக்காரர் வருகிற நாள்

லைன் பூட்ட வருகிறவர்களுக்கு அன்றைக்கு இன்னும் பல வீடு இருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், கேபிள் உள்ளே நுழைகிற முதல் சுவரிலேயே பெட்டியைப் பூட்டிவிட்டுப் போவார்கள். அது பெரும்பாலும் விறாந்தை மூலையாக இருக்கும், வைஃபையில் பாதி முற்றத்துக்குப் போகும். ஆகவே பெட்டி எங்கே வேண்டும் என்பதை முன்னரே முடிவுசெய்து, அதுவரைக்கும் பைப்பும் நூலும் தயாராக வைத்துக் காட்டுங்கள். தயாராக இருந்தால் அவர்களும் சந்தோசமாக இழுத்துத் தருவார்கள்.

வேலை நடக்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். சுவர் ஓட்டை உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகத் துளைக்கப்படவேண்டும். கேபிள் ஓட்டைக்குள் நுழைய முதல் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏறி நுழையவேண்டும். மாரி மழையில் கேபிள் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. மிச்ச இடைவெளியைச் சிலிக்கன் வைத்து அடையுங்கள். விட்டால் எறும்பு வரும், பின்னால் கறையானும் வரும். மூன்றாவது, ஃபைபரை ஒடித்து வளைக்கக் கூடாது. அது கண்ணாடி இழை. கிளிப்பை அடித்து நசித்தாலும் ஒளி கசியும், லைன் விட்டுவிட்டு வரும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணால் எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

ஃபைபரில் வருகிற வீட்டுப் போன், பெட்டியின் போன் துளையிலிருந்து இயங்குகிறது. பழைய செம்பு லைனில் எக்சேஞ்சிலிருந்தே 48 வோல்ற் வந்ததால் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்தது. இப்போது பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை. வயதான அம்மா அப்பா தனியே இருக்கிற வீடுகளில் இதை மறக்க வேண்டாம். பெட்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ற்றில் ஓடுகிறவை. அடப்ரரில் எழுதியிருக்கிற வோல்ற்றையும் அம்பியரையும் பார்த்து, அதற்குப் பொருந்துகிற, கரண்ட் நின்றால் பற்றரியில் ஓட்டுகிற சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள். அவ்வளவு நேரம் எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் தாங்காது, ஆனால் ஒன்றிரண்டு மணித்தியாலத் தடைக்கு நன்றாகத் தாங்கும்.

வீட்டில் ஏற்கெனவே பழைய போன் வயரிங் இருந்தால் அதை எறியத் தேவையில்லை. புதுப் பெட்டியின் போன் துளையை அந்த வயரிங்கோடு சேர்க்கலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிட்டுத்தான் சேர்க்கவேண்டும்.

கேபிள் வாங்குவது

ஹார்ட்வெயார் கடையில் கேட்6 (லான் கேபிளின் ஒரு தரம்) என்று எழுதி இரண்டு விலையில் கேபிள் இருக்கும். மலிவானது பெரும்பாலும் அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியது. ஒரு அடித் துண்டு வாங்கி, ஒரு இழையின் பிளாஸ்ரிக்கை உரித்து, பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். இழையை முன்னும் பின்னும் சிலமுறை மடித்தால் பட்டென்று முறியும், செம்பு தாக்குப்பிடிக்கும். கேபிள் வருகிற பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே பாரத்தில் வித்தியாசம் தெரியும். சுவருக்குள் போடுகிற சாமானில் மிச்சம் பிடிக்காதீர்கள். கமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் அனுப்புகிறபோது அலுமினியம் செம்பைவிட அதிகம் சூடாகும், வோல்ற்றும் வழியில் விழும்.

வீட்டுக்கு அதற்கு ஒரு படி கீழான கேட்5இ கூடத் தாராளமாகப் போதும். 100 மீற்றர்வரை ஒரு ஜிகாபிற் வேகம் தரும். புது வீடு என்றால் கேட்6 போடுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. 100 மீற்றர் என்பது இரண்டு முனையிலும் வருகிற துண்டு வயர்களையும் சேர்த்த கணக்கு. வெளியில் வெயில் படுகிற இடத்துக்குக் கறுப்புத் தோல் உள்ள வெளிப்புறக் கேபிள்தான் வேண்டும். சாம்பல் நிற உட்புறக் கேபிள் நம் கோடை வெயிலில் இரண்டொரு வருடத்தில் வெடித்து உதிரும்.

முனை அடிப்பது

வயரிங்கில் கைப்பழக்கம் வேண்டிய இடம் இதுதான். நீங்களே செய்யாவிட்டாலும், செய்கிறவரின் கையைப் பார்த்து விளங்கிக்கொள்ள இது உதவும்.

வெளித்தோலை ஒரு அங்குலம் அளவு உரியுங்கள். உரித்த இடத்தில் கேபிளை மெல்ல வளைத்து, உள் இழைகளில் பிளேட் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி உரிக்கவேண்டும். நாலு சோடி இழைகள் முறுக்கியபடி இருக்கும். முறுக்கை அவிழ்த்து, விரலால் நீவி நேராக்கி, இந்த ஒழுங்கில் அடுக்குங்கள்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். அடுக்கியதை அரை அங்குல நீளத்துக்கு ஒரே வெட்டாக வெட்டுங்கள். கேபிள் முனையில் பூட்டுகிற பிளாஸ்ரிக் தலைக்கு ஆர்ஜே45 என்று பெயர். அந்தத் தலையின் கிளிப் கீழேயும் துளை உங்கள் பக்கமும் இருக்கப் பிடித்தால் முதல் நிறம் இடதுகைப் பக்கம் வரும். உள்ளே தள்ளியபின் தலையின் மூக்குப் பக்கம் பாருங்கள். எட்டுச் செம்புப் புள்ளியும் மினுங்கவேண்டும். வெளித்தோலும் தலைக்குள் வந்திருக்கவேண்டும், அப்போதுதான் இழுபடும்போது பிடி தோலில் இருக்கும். பிறகு தலையை நசித்துப் பூட்டுகிற கருவியான கிரிம்பரை இறுக்கி அமத்துங்கள்.

சிலர் "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாச் சரி" என்று தங்கள் மனம்போல நிறங்களை அடுக்குவார்கள். கேபிளைச் சோதிக்கிற ரெஸ்ரரில் எட்டு லைற்றும் வரிசையாக எரியும், எல்லாம் சரி போலத் தெரியும். ஆனால் மூன்றாவது, ஆறாவது பின்கள் ஒரே முறுக்குச் சோடியாக இருக்கவேண்டும். வெள்ளைப் பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே நீலச் சோடி வருவது அதற்காகத்தான். சோடி மாறினால் கிட்டத்தில் ஓடும், தூரம் கூடினால் அறுந்து அறுந்து வரும், காரணம் ஒருவருக்கும் பிடிபடாது. இன்னொரு அறிகுறி: ஜிகாபிற் வரவேண்டிய லைன் 100 மெகாபிற்றிலேயே நிற்கும். பெரும்பாலும் நாலு சோடியில் ஒன்று தொடவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் 100க்கு இரண்டு சோடியே போதும், ஜிகாபிற்றுக்கு நாலும் வேண்டும்.

சுவருக்குள் வருகிற கேபிளில் நேரே தலை அடித்துக் கணினியில் குத்தாதீர்கள். அதன் இழை கட்டியானது, அடிக்கடி ஆட்டினால் உள்ளே முறியும். சுவரில் ஒரு சொக்கெற்றில் முடித்து, அங்கிருந்து ஆயத்தத் துண்டு வயரால் கணினிக்கு எடுங்கள். இரண்டு முனையிலும் ஒரு மீற்றர் மிச்சம் சுருட்டி விடுங்கள். கேபிளுக்கு நடுவில் மூட்டுப் போட்டு ரேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். ஓட்டு இறப்பின் கீழே அப்படிச் சுற்றிய மூட்டை ஒரு மாரி கழித்து அவிழ்த்தால் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும்.

வளவுக்குள் நிலத்தடியில்

முன்னால் கடை, பின்னால் வீடு, ஒரு மூலையில் கிணறும் மோட்டர் அறையும் என்று வன்னி வளவுகள் பெரியவை. எலியும் அணிலும் கேபிளைக் கடிக்கும். மண்ணுக்குள் வெறும் கேபிளைப் புதைத்தால் கறையானும் மண்வெட்டியும் விடாது. ஒன்றரை, இரண்டு அடி ஆழம் வெட்டி, பைப்புக்குள் விட்டு, மேலே எச்சரிக்கை ரேப் அல்லது ஒரு வரிசை ஓட்டுத் துண்டு வைத்து மூடுங்கள்.

வெட்டுகிறபோது அறியாத இரும்புச் சாமான், பிளாஸ்ரிக் வட்டம், துருப்பிடித்த உருளை எதுவும் தட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தொடவும் வேண்டாம், எடுத்து ஒதுக்கவும் வேண்டாம். வந்த காலடி வழியே திரும்பி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 119க்கு அறிவியுங்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை.

இரண்டு கட்டடங்களுக்கு இடையில் செம்பு லான் கேபிள் இழுப்பதை நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எர்த் வேறு, இடி விழும்போது அந்த வித்தியாசம் கேபிள் வழியே பாய்ந்து இரண்டு பக்கச் சாமானையும் எரிக்கும். இடையில் ஃபைபர் இழுத்து இரண்டு முனையிலும் ஃபைபரை லான் கேபிளாக மாற்றித் தருகிற மீடியா கொன்வேட்டர் வையுங்கள். அல்லது நேருக்கு நேர் பார்க்கிற சின்ன வயர்லெஸ் பிரிட்ஜ் சோடி ஒன்று பூட்டுங்கள். 100 மீற்றருக்கு மேல் என்றால் எப்படியும் இவை இரண்டில் ஒன்றுதான்.

இடி மின்னல்

சித்திரையிலும், பிறகு ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிக்குப் பழுதாகிற ரவுட்டர்களைப் பார்த்தால் வயிறு எரியும். நேரே விழுகிற இடியை ஒன்றும் தடுக்காது. ஆனால் நம் சாமான்கள் பெரும்பாலும் சாவது தூரத்தில் விழுந்த இடிக்கு. வெளியில் நீளமாகக் கிடக்கிற எந்தச் செம்புக் கம்பியும், உடுப்புக் கொடி தண்ணியை ஏந்துவதுபோல, அந்த அதிர்வை ஏந்தி வீட்டுக்குள் கொண்டுவரும்.

முகில் கறுத்ததும் கழற்றவேண்டியவை: கரண்ட் பிளக், செம்பு ரெலிபோன் லைன், வெளி அன்ரனா வயர், வெளிக் கமராவிலிருந்து வரும் லான் கேபிள். சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையே இழுக்கவேண்டும். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் வயரையும் தொடாதீர்கள், வயர் உள்ள போனிலும் பேசாதீர்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரோடு ஒட்டி ஒரு உருக்குக் கம்பி வரும், அதை வெளிச் சுவரிலேயே கட்டி முடித்து, இழையை மட்டும் உள்ளே எடுக்கவேண்டும்.

ட்ரிப் சுவிச் ஆளைக் காப்பாற்றும், இடியிலிருந்து ரவுட்டரைக் காப்பாற்றாது. அதற்கு மெயின் போர்ட்டில் திடீரென ஏறும் வோல்ற்றை எர்த்துக்கு இறக்குகிற சேர்ஜ் புரொட்டெக்டர் வேண்டும், அதற்குக் கீழே நல்ல எர்த் வேண்டும். கோடையில் மண் காய்ந்து இறுகும்போது எர்த் பலவீனப்படும். மின்வேலைக்காரர் வந்தால் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்கு இன்னும் கொஞ்சம்

பில் மெசினும் கணினியும் கேபிளில் ஓடட்டும், வைஃபை போனுக்கு மட்டும். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கிறீர்கள் என்றால் கெஸ்ற் என்று தனிப் பெயரில் கொடுங்கள். கொமினிகேசன் கடை, ரியூசன் நிலையம், லொட்ஜ் எதுவாயினும் இதைத் தவறவிடாதீர்கள், உங்கள் கணக்குக் கணினியும் வந்துபோகிறவரின் போனும் ஒரே வலையில் இருக்கக் கூடாது. 2.4 கிகாஹேட்ஸ் வைஃபை தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹேட்ஸ் வேகமானது, சீமெந்துக் கல் சுவர் இரண்டைத் தாண்டக் கஷ்டப்படும். பக்கத்துக் கடைகள் நெருக்கமான சந்திகளில் 2.4இன் சனலை 1, 6, 11 மூன்றில் குறைவாக நெருக்கடி உள்ளதில் வையுங்கள்.

கமராவுக்குப் பிஓஈ சுவிச் ஒன்று எடுத்தால் ஒரே கேபிளில் கரண்ட்டும் படமும் போகும். ரெக்கோடரைக் காசாளர் மேசைக்குக் கீழே வைக்காதீர்கள், கள்ளன் முதலில் தூக்குவது அதைத்தான். கமராவோடும் ரெக்கோடரோடும் வந்த பாஸ்வேர்ட்டை அன்றைக்கே மாற்றுங்கள். 4ஜி லைனில் உங்கள் ரவுட்டருக்குத் தனி வெளி முகவரி பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே வெளியிலிருந்து கமரா பார்க்க, கமராக் கம்பனியின் அப் (செயலி) வழியே பார்க்கிற வகையை வாங்குங்கள். அப்படிப் பார்க்கிறபோது டேட்டா நன்றாகக் கரையும், அளவோடு பாருங்கள்.

ஆள் பிடிப்பதும் கணக்கு முடிப்பதும்

நல்ல கைகள் இப்போது நம் ஊரிலேயே இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இருக்கின்றன, தொழிற்பயிற்சி முடித்து என்.வி.கியூ சான்றிதழ் எடுத்த பிள்ளைகளும் ஊருக்கு ஊர் உண்டு. கூப்பிடும்போது சொந்தமாகக் கிரிம்பரும் ரெஸ்ரரும் உண்டா என்று கேளுங்கள். ஒரு பொயின்ற்றுக்கு இவ்வளவு என்று பேசுங்கள், சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

முழுக்காசும் முன்னால் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அவரோடு கூடவே ஒவ்வொரு சொக்கெற்றாகப் போய், ரெஸ்ரரில் எட்டு லைற்றும் பாருங்கள், பிறகு மடிக்கணினியைக் குத்தி ஜிகாபிற் வருகிறதா என்று பாருங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே இலக்கம் ஒட்டச் சொல்லுங்கள். எந்த இலக்கம் எந்த அறை என்று ஒரு தாளில் எழுதி, வைஃபை பாஸ்வேர்ட், லைன் இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மெயின் போர்ட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கடை என்றால் பாஸ்வேர்ட்டை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள்.

லைன் பழுதானால் முதலில் ரவுட்டரிலிருந்து மற்ற எல்லாக் கேபிளையும் கழற்றி, ஒரு மடிக்கணினியை நேரே குத்திப் பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால் பழுது உங்கள் வயரிங்கில் என்று விளங்கும். ஓடாவிட்டால் கம்பனிக்கு எடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கட்டாயம் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் வராவிட்டால், அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900க்கு எடுத்து முறையிடலாம்.